ஹாலரின் எட்சிங்குகளும் எரிந்துபோன பேராலயமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

1666 செப்டம்பர் 2 அதிகாலையில் லண்டனில் பற்றிய தீ சில நாட்களுக்குள் ஏறத்தாழ 13,200 வீடுகளையும் 87 வட்டாரத் தேவாலயங்களையும் புனித பவுல் பேராலயத்தையும் அழித்தது. பேராலயத்தின் கூரையில் வேய்ந்திருந்த ஈயம் உருகித் தெருக்களில் ஓடியது. புத்தக வணிகர்கள் பாதுகாப்பான இடம் என்று நம்பி நிலவறையில் அடுக்கி வைத்திருந்த நூல்களும் சாம்பலாயின. இன்று அவ்விடத்தில் நிற்பது கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்து, 1675-க்கும் 1710-க்கும் இடையில் எழுப்பப்பட்ட வேறொரு கட்டடம். எரிந்துபோன பழைய பேராலயத்தை நாம் இன்று மனத்தில் காண்கிறோம் என்றால், அந்தக் காட்சியின் பெரும்பகுதி ஒரே மனிதரின் கையிலிருந்து வந்தது. அவர், செப்புத்தகட்டில் படம் பதித்துத் தாளில் அச்சிடும் ஓவியரான வென்சஸ்லாஸ் ஹாலர்.

1607-இல் பிராக் நகரில் பிறந்த ஹாலர், அரண்டெல் பிரபுவின் பரிவாரத்தோடு 1636-இல் லண்டன் வந்தார்; உள்நாட்டுப் போரின்போது 1644-இல் ஆன்ட்வெர்ப்புக்குப் போய், 1652-இல் திரும்பினார். வாழ்நாளில் ஏறத்தாழ 2,700 தகடுகளைச் செய்தவர். புத்தக வணிகர்கள் அவருக்கு மணிக்கு நான்கு பென்ஸ் கூலி கொடுத்தார்கள் என்றும், மணற்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார் என்றும் பழைய குறிப்புகள் கூறுகின்றன. வில்லியம் டக்டேல் 1658-இல் வெளியிட்ட பேராலய வரலாற்று நூலுக்காக அதன் வெளிப்புறம், உட்புறம், கல்லறைகள் ஆகியவற்றை அவர் தகடுகளில் பதித்தார். அவற்றுள் ஒன்றின் லத்தீன் வாசகம், நாள்தோறும் இடிந்து விழக் காத்திருக்கும் இந்தக் கோயிலை ஒருகாலத்தில் வியந்தவரும் வரைந்தவருமான ஹாலர் அதன் நினைவை இவ்வாறு காப்பாற்றினார் என்று சொல்கிறது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மூளவிருந்த தீயை அவர் அறிந்திருக்க முடியாது. பழுதுபட்டுக் கிடந்த கட்டடத்தைப் பார்த்தே அப்படி எழுதினார்.

இந்த ஆய்வு விவரிக்கும் வேலை, இந்தத் தகடுகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு, தீக்கு முந்தைய கோடைக்காலத்தில் பேராலயம் நின்ற நிலையை ஒரு பொதுக் கண்காட்சிக்காகக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக உருவாக்குவது. கட்டடக்கலை வரலாற்றாளர் ஒருவர், அச்சோவிய வல்லுநர் ஒருவர், கணினி மாதிரியாளர் ஒருவர், விளக்கப்பலகைகளை எழுதும் பதிப்பாசிரியர் ஒருவர் என நால்வர் அதில் ஈடுபட்டனர். முடிவுகளைப் பதிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. நால்வரின் பெயர்களும் கண்காட்சி நடந்த இடமும் இங்கே தேவையில்லை.

சான்றின் தன்மை

எட்சிங் என்னும் முறையில் செப்புத்தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு ஒன்று தடவப்படும். ஓவியர் அந்தப் பூச்சை ஊசியால் கீறி வரைவார். பிறகு தகட்டை அமிலத்தில் இட்டால், கீறிய இடங்களில் மட்டும் செம்பு அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். பள்ளத்தில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் ஏறும். உளியைத் தள்ளி உலோகத்தை நேராகச் செதுக்கும் முறைக்கு நீண்ட பயிற்சியும் கைவலுவும் வேண்டும். எட்சிங்கில் ஊசி பேனாவைப் போலத் தடையின்றி ஓடும், வெட்டும் வேலையை அமிலம் பார்த்துக்கொள்ளும். ஆகவே, இடத்தைப் பார்த்துக் குறிப்புச் சித்திரம் எடுத்தவரே தகட்டிலும் வரைய முடிந்தது. கண்ட கையும் பதித்த கையும் ஒன்றே என்னும் இந்த நெருக்கம்தான் நகரக் காட்சிகளுக்கு எட்சிங்கை மதிப்புள்ள சான்றாக்குகிறது.

ஆனால் கண்ணுக்கும் தாளுக்கும் இடையில் பல படிகள் உண்டு. அச்சில் படம் இடவலம் மாறும் என்பதால், தகட்டில் முன்கூட்டியே திருப்பி வரைய வேண்டும். குறிப்புச் சித்திரம் ஓர் ஆண்டில் எடுக்கப்பட்டு, தகடு பல ஆண்டுகள் கழித்து வேறொரு நகரத்தில் செய்யப்படலாம். வேறொருவர் வரைந்த படத்தையே ஓவியர் தகட்டில் பெயர்த்திருக்கலாம். தகட்டில் பொறித்த ஆண்டு இவற்றுள் எதையும் சொல்வதில்லை. தகடு எப்போது முடிந்தது அல்லது வெளியானது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

முதல் வரைவு

தொடக்கத்தில் குழு தகடுகளை ஒருவகை நிழற்படங்களாகவே கொண்டது. மின்வடிவில் கிடைத்த படங்களை மாதிரியாளர் திரையில் அடுக்கி, தெற்குப் பார்வையிலிருந்து உயரங்களையும் மேற்குப் பார்வையிலிருந்து முகமண்டபத்தையும் எடுத்து, இடையில் உள்ளவற்றைத் தம் அனுபவத்தால் நிரப்பினார். நீளத்துக்கு டக்டேலின் நூலில் உள்ள அளவைப் பயன்படுத்தினார். கிடைத்த தகடுகளில் மிகவும் கவர்ச்சியானது, நடுக்கோபுரத்தின் மேல் ஓங்கிய ஊசிக்கோபுரத்தோடு பேராலயத்தைக் காட்டியது. அதையே கண்காட்சியின் முகப்புப் படமாக்கப் பதிப்பாசிரியர் விரும்பினார். தகடு 1658-ஐச் சேர்ந்தது, மாதிரி 1666-ஐச் சேர்ந்தது, இடையில் எட்டே ஆண்டுகள் என்பது அவருடைய வாதம். பார்வைக்கு அழகாக அமைந்த அந்த வரைவை அப்போது எவரும் மறுக்கவில்லை.

கண்டவை

முதல் ஐயத்தை எழுப்பியவர் அச்சோவிய வல்லுநர். அவர் கேட்டது கட்டடத்தைப் பற்றி அல்ல, தாளைப் பற்றி. மாதிரியாளர் பயன்படுத்திய மின்படங்களில் சிலவற்றின் கோடுகள் நடுவில் தடித்தும் நுனியில் கூர்ந்தும், ஒரே ஒழுங்கில் ஓடின. அது உளியின் தடம். எட்சிங் கோடு தொடக்கம் முதல் இறுதி வரை ஏறத்தாழ ஒரே தடிப்பில், நுனி மழுங்கி, கையின் இயல்பான நடுக்கத்தோடு இருக்கும். தேடிப் பார்த்ததில், அந்தப் படங்கள் டக்டேல் நூலின் 1818 பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை என்று தெரிந்தது. அந்தப் பதிப்புக்காக ஹாலரின் படங்களை வேறொரு கை புதிதாகச் செதுக்கியிருந்தது. பேராலயம் எரிந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, அதைப் பார்த்தே இராத ஒருவர் செய்த நகல் அது. இணையத்தில் அந்தப் படங்களுக்குக் கீழே ஹாலரின் பெயர் மட்டுமே இருந்தது.

இதன்பிறகு எல்லாத் தகடுகளையும் முதல் பதிப்பின் அச்சுப்படிகளிலிருந்து திரும்பத் திரட்டினார்கள். வேலை பின்தங்கியது. ஆயினும் இந்தத் தாமதத்தில்தான் குழு முதன்முறையாக ஒவ்வொரு தாளையும் தனித்தனியே பார்த்தது.

இரண்டாவதாக வந்தது ஊசிக்கோபுரம். பேராலயத்தின் ஊசிக்கோபுரம் 1561 ஜூன் 4 அன்று இடி விழுந்து எரிந்தது. கூரையைச் சீரமைத்தார்களே தவிர, ஊசிக்கோபுரத்தை எவரும் மறுபடியும் கட்டவில்லை. ஹாலர் பிறந்தது அதற்கு 46 ஆண்டுகள் கழித்து. அவர் ஊசிக்கோபுரத்தோடு காட்டிய பேராலயம், அவர் ஒருபோதும் பார்த்திராத பேராலயம். இதற்கு ஹாலரே சாட்சி: தேம்ஸ் ஆற்றின் தென்கரையான சதர்க் பக்கத்துத் தேவாலயக் கோபுரத்திலிருந்து கண்டு, 1647-இல் அவர் வெளியிட்ட நீண்ட நகரக் காட்சியில் பேராலயத்தின் கோபுரம் மொட்டையாகவே நிற்கிறது. ஒரே ஓவியர், பதினொரு ஆண்டு இடைவெளியில், ஒரு தாளில் கண்டதையும் மற்றொரு தாளில் கேட்டறிந்ததையும் வரைந்திருக்கிறார். இரண்டையும் ஒரே உறுதியான கோட்டில் வரைந்திருக்கிறார் என்பதுதான் பார்ப்பவரைக் குழப்புகிறது. அதன் உயரமும் உறுதியானதல்ல. பழைய நூல்கள் 500 அடிக்கு மேல் சொல்ல, ரென் 460 அடி என்று கணித்தார்.

ஊசிக்கோபுரத்தைத் தம் கண்ணால் கண்டவர்களின் சான்று வேறெங்காவது உண்டா என்று வரலாற்றாளர் தேடினார். அந்தோனிஸ் வான் டென் வைங்கார்ட் 1540-களில் வரைந்த லண்டன் காட்சியில் அது இருக்கிறது. 1550-களில் செம்பில் செதுக்கிய நகர வரைபடம் ஒன்றிலும் இருக்கிறது. இந்த வரைபடத்தின் கதை தனிச்சுவை உடையது. அதன் அச்சுப்படி ஒன்றுகூட இன்று கிடைப்பதில்லை; மூன்று தகடுகள் மட்டும் எஞ்சியுள்ளன, அவையும் பின்னாளில் யாரோ அவற்றின் மறுபக்கத்தில் எண்ணெய் ஓவியம் தீட்டியதால் தப்பியவை. பேராலயம் உள்ள தகடு ஜெர்மனியின் டெசாவ் நகரில், பாபேல் கோபுர ஓவியம் ஒன்றின் பின்புறமாகக் கிடந்தது. நகரத்தின் பதிவு பிழைத்தது பதிவாக அல்ல, வேறொரு படத்துக்கான பலகையாக.

மூன்றாவது, நீளம். டக்டேல் பேராலயத்தின் நீளத்தை 690 அடி என்று எழுதினார். 1878-இல் பிரான்சிஸ் பென்ரோஸ் அடித்தளத்தைத் தோண்டி அளந்தபோது கிடைத்தது ஏறத்தாழ 585 அடி. முதல் வரைவு டக்டேலைப் பின்பற்றியதால் முழுக் கட்டடமும் நூறடிக்கு மேல் இழுபட்டிருந்தது. ஆனால் திரையில் அது தவறாகத் தோன்றவே இல்லை. காரணம், ஹாலரின் உட்புறத் தகடுகளும் நீண்டு உயர்ந்த ஒரு வெளியைப் பார்ப்பவர் மனத்தில் பதிக்கின்றன. அக்காலத்துக் கட்டடப் படங்களில் மனித உருவங்களைச் சற்றுச் சிறிதாகப் போட்டுக் கட்டடத்தைப் பெரிதாக்குவது வழக்கம். எனவே அந்த உருவங்களை அளவுகோலாகக் கொள்ள முடியாது. நடுக்கூடத்தின் 12 அங்கணங்கள் (தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட பகுதிகள்), தூண்களின் வகை, மேல்மாடங்களின் அடுக்கு போன்ற எண்ணத்தக்க செய்திகளில் தகடு உறுதியாக நிற்கிறது. அடிக்கணக்கில் அது உதவுவதில்லை. அங்கண எண்ணிக்கையைத் தகட்டிலிருந்தும் மொத்த நீளத்தைத் தோண்டலிலிருந்தும் எடுத்துப் பொருத்தியபோது, ஓர் அங்கணத்தின் அகலம் அத்தகைய கட்டடத்துக்கு இயல்பான அளவுக்கு வந்தது.

நடுக்கூடத்தின் வெளிப்புறத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. உள்ளே நிற்பது பழைய நார்மன் பாணிக் கட்டுமானம். வெளியே 1630-களில் இனிகோ ஜோன்ஸ் போர்த்திய புதிய கல்லுறை, மேற்கில் அவரே எழுப்பிய கொரிந்திய முகமண்டபம். ஹாலரின் வெளிப்புறத் தகடு இந்தக் கல்லுறையையும் உட்புறத் தகடு பழைய தூண்களையும் காட்டுவதால், இரண்டும் வெவ்வேறு கட்டடங்களோ என்று மாதிரியாளர் முதலில் ஐயுற்றார்.

நான்காவதான கல்லறைகளில்தான் விவாதம் நீண்டது. டக்டேலின் நூலில் கல்லறைகளும் நினைவுச் சின்னங்களும் உடையாமல், எழுத்துகள் தெளிவாக, ஒழுங்காக நிற்கின்றன. ஆனால் உள்நாட்டுப் போரின்போது பேராலயம் குதிரைப்படையின் தங்குமிடமாயிற்று. சின்னங்கள் பல சிதைந்தன. கோபுரத்தைத் தாங்கிய சாரமரங்களைப் பிரித்து விற்றதில் தெற்குக் குறுக்குக்கையின் (சிலுவை வடிவக் கட்டடத்தில் தெற்கே நீளும் பக்கக் கையின்) கூரை ஒரு பகுதி சரிந்தது. 1658-இல் அச்சான தகடு சிதையாத கல்லறையைக் காட்டுவது எப்படி? போர் வரக்கூடும் என்று அஞ்சி, 1641-இலேயே டக்டேல் வில்லியம் செட்ஜ்விக் என்ற ஓவியரை அழைத்துச் சென்று, கல்லறைகளையும் கல்வெட்டுகளையும் வரைய வைத்திருந்தார். ஹாலர் அந்த வரைபடங்களைப் பார்த்துத் தகடு செய்தார். அப்படியானால் அந்தத் தாள்களில் உள்ள காலம் 1658 அல்ல, 1641. வரைந்த கண் ஹாலருடையது அல்ல, செட்ஜ்விக்குடையது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொருள் எஞ்சியிருந்தது குழுவின் நல்வாய்ப்பு. 1631-இல் இறந்த கவிஞரும் பேராலயத் தலைமைக் குருவுமான ஜான் டன்னுக்கு நிக்கோலஸ் ஸ்டோன் செதுக்கிய பளிங்குச் சிலை, சவத்துணி போர்த்தித் தாழியின் மேல் நிற்கும் கோலத்தில், தீயிலிருந்து தப்பி இன்றைய பேராலயத்தில் நிற்கிறது. தாழியில் தீயின் கறையும் தெரிகிறது. வரலாற்றாளர் சிலையின் நிழற்படங்களைத் தகட்டின் அருகே வைத்துப் பார்த்தார். நிலை, தாழி, துணியின் பொதுவான அமைப்பு ஆகியவை பொருந்தின. முகத்தின் உயிர்ப்பைத் தகடு பிடிக்கவில்லை. ஒரே ஒரு சின்னத்தை வைத்து மற்ற எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றாலும், அமைப்புக்கு நம்பலாம், நயத்துக்கு நம்ப வேண்டாம் என்று அவர் வரைந்த எல்லை எனக்கு நியாயமாகவே பட்டது.

ஐந்தாவது, தென்கரை. மாதிரியின் இரண்டாம் காட்சி, ஆற்றுக்கு இப்பால் சதர்க்கிலிருந்து பேராலயத்தை நோக்குவது. அதற்கு 1647-இன் நீண்ட காட்சியே அடிப்படை. அதில் முன்புறத்தில் இரண்டு வட்டக் கட்டடங்கள் உள்ளன. ஒன்றின் மேல் குளோப் என்றும் மற்றொன்றின் மேல் கரடிச்சண்டை வீடு என்றும் எழுதியிருக்கிறது. இந்தப் பெயர்கள் இடம் மாறிவிட்டன என்பது ஆய்வாளர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. ஹோப் என்ற கரடிச்சண்டை வீடு ஆற்றை ஒட்டி இருந்தது, குளோப் நாடக அரங்கு உள்ளே தள்ளி இருந்தது. 1989-இல் பார்க் தெருவில் கிடைத்த குளோப்பின் அடித்தளத் துண்டும் அதை உறுதிப்படுத்துகிறது. ஹாலர் கட்டடங்களை லண்டனில் இருந்தபோது நேரில் கண்டு வரைந்தார். தகடு ஆன்ட்வெர்ப்பில் உருவானது, அங்கே சரிபார்க்க வழியில்லை. அப்போதுதான் பெயர்கள் மாறியிருக்க வேண்டும் என்பதே பொதுவான விளக்கம். இந்தத் தாளில் கோடு சரி, எழுத்து தவறு. அச்சில் உள்ள எழுத்தைப் படத்தைவிட உறுதியான சான்றாகக் கொள்வது படிப்பவர்களின் இயல்பு. குழுவிலும் பதிப்பாசிரியர் முதலில் எழுத்தின் பக்கமே நின்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தகடு தகடாக நம்புவதா, ஓவியரை ஓவியராக நம்புவதா என்ற கேள்வியை வரலாற்றாளர் மாற்றி அமைத்தார். ஒரே தாளுக்குள் வெவ்வேறு தகுதியுடைய செய்திகள் இருப்பதால், மாதிரியின் ஒவ்வொரு பரப்புக்கும் தனித்தனியே சான்று குறிக்க வேண்டும் என்றார். மரபுச் சின்னங்களைக் கணினியில் காட்சிப்படுத்துவதற்கான லண்டன் சாசனம், 2009-இல் வெளியான அதன் 2.1 பதிப்பில், சான்றுக்கும் ஊகத்துக்கும் உள்ள உறவைப் பார்ப்பவர் அறியுமாறு காட்ட வேண்டும் என்று கேட்கிறது. அதைச் செயலாக்குவதே இதன் நோக்கம். நான்கு தரங்களை வகுத்தார்கள். தருக்க நூல்களின் வழியில் இங்கே அவற்றை அளவு, காண்டல், உரை, கருதல் என்று குறிக்கிறேன். தோண்டி அளந்தது அளவு. வரைந்தவரே நேரில் கண்டது காண்டல். வேறொருவர் வரைந்ததையோ எழுதியதையோ வைத்துப் பெயர்த்தது உரை. இவற்றில் எதுவும் இல்லாத இடத்தை நிரப்பியது கருதல்.

ஊசிக்கோபுரத்தை 1666 மாதிரியிலிருந்து நீக்கினார்கள். பதிப்பாசிரியர் இதை எளிதில் ஏற்கவில்லை. மக்கள் நினைவில் உள்ள பேராலயம் ஊசிக்கோபுரம் உள்ளதுதான், மொட்டைக் கோபுரத்தை வைத்தால் ஏதோ விட்டுப்போனது போல் இருக்கும் என்றார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. எனவே 1561-க்கு முந்தைய நிலை என்ற தலைப்பில் ஒரு தனிக் காட்சி அமைத்து, வைங்கார்டின் வரைபடம், செப்புத்தகட்டு வரைபடம், ஹாலரின் தகடு மூன்றையும் ஒன்றாக வைத்தார்கள். அங்கே ஹாலரின் தகட்டுக்கு உரை என்ற தரமே கிடைத்தது.

நீளத்துக்கும் அகலத்துக்கும் பென்ரோஸின் அளவுகளை ஏற்றார்கள். உயரங்களுக்குத் தகடுகளை மட்டும் நம்பாமல், ரென் தீக்கு முன் வரைந்த திட்ட வரைபடங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். பழைய கோபுரத்தின் இடத்தில் ஒரு குவிமாடம் எழுப்பலாம் என்று ரென் முன்மொழிந்திருந்தார். அதைப் பற்றிப் பேசக் குழு ஒன்று பேராலயத்தில் கூடியது 1666 ஆகஸ்ட் 27 அன்று, தீக்கு ஆறு நாட்களுக்கு முன். கட்டடத்தைத் திருத்தும் நோக்கத்தோடு பார்த்த ஒருவரின் கோடு, அதை நினைவாக்கும் நோக்கத்தோடு பார்த்தவரின் கோட்டுக்கு நல்ல எதிர்ச்சாட்சி.

கல்லறைகளை 1666 மாதிரியில் முழுமையாக வைக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. எவை உடைந்தன, எவை எஞ்சின என்பதற்குச் சான்று சின்னத்துக்குச் சின்னம் வேறுபட்டதால், அவற்றின் இடத்தில் எளிய கட்டைகளை மட்டும் வைத்து, செட்ஜ்விக்கின் வழி வந்த படங்களை 1641 என்ற தேதியோடு பக்கத்தில் காட்டினார்கள். டன்னின் சிலை மட்டும் முழு உருவில் நின்றது. தெற்குக் குறுக்குக்கையின் சரிவைத் தெளிவாகக் காட்டும் தகடு எதுவும் குழுவின் கையில் இல்லாததால் அந்தப் பகுதி கருதல் என்ற தரத்தில் விடப்பட்டது. தென்கரையில் கட்டடங்களின் வடிவமும் இடமும் ஹாலர் வரைந்தபடியே இருக்க, பெயர்கள் மட்டும் திருத்தப்பட்டன. திருத்தியதற்கான காரணம் பலகையில் எழுதப்பட்டது.

தரங்களைக் கண்ணுக்கு எப்படிக் காட்டுவது என்பதில், உறுதியான பரப்புகளுக்கு அடர்ந்த நிறமும் உறுதி குறையக் குறைய வெளிறிய சாம்பல் நிறமும் என்று மாதிரியாளர் தீர்மானித்தார். மாற்று யோசனை எதையும் குழு விரிவாகப் பரிசீலிக்கவில்லை.

பின்னர் நடந்தவை

கண்காட்சி திறந்ததும் முதலில் தெரிய வந்தது, வெளிறிய சாம்பல் நிறத்தைப் பார்வையாளர்கள் படித்த விதம். எரிந்துபோன பேராலயத்தைப் பற்றிய கண்காட்சியில் சாம்பல் நிறப் பரப்பைக் கண்டவர்கள் அதைத் தீயில் சேதமான பகுதி என்று எடுத்துக்கொண்டார்கள். தெற்குக் குறுக்குக்கை முழுதும் வெளிறியிருந்ததால், தீ அங்கேதான் தொடங்கியதா என்று கேட்டவர்களும் உண்டு. நிறவிளக்கம் நுழைவாயிலில் எழுதப்பட்டிருந்தது. படித்தவர்கள் குறைவு, படித்தவர்களிலும் மாதிரியின் முன் வந்து நிற்கும்போது அதை நினைவில் வைத்திருந்தவர்கள் இன்னும் குறைவு. அறிவுத் தரத்தைக் காட்ட வைத்த குறி கட்டடத்தின் நிலையைக் காட்டும் குறியாக மாறிவிட்டது.

குழு நிறத்தைக் கைவிட்டுக் கோடுகளுக்கு மாறியது. அளந்த பரப்புகள் நிறைவான கல்லாகவும், ஊகித்த பரப்புகள் சுவரில்லாமல் விளிம்புக்கோடு மட்டுமாகவும் காட்டப்பட்டன. இந்த மாற்றத்துக்குப் பின் கேள்விகளின் போக்கு மாறியது. இது ஏன் எரிந்திருக்கிறது என்பது போய், இது ஏன் வரையப்படவில்லை என்று கேட்கத் தொடங்கினார்கள். குழு எதிர்பார்த்த கேள்வி அதுதான்.

இரண்டாவது விளைவை எவரும் எதிர்பார்க்கவில்லை. 1561-க்கு முந்தைய தனிக் காட்சியிலிருந்து ஊசிக்கோபுரப் படம் ஒன்று வெளியே எடுக்கப்பட்டு, தீக்கு முந்தைய பேராலயம் என்ற விளக்கத்தோடு பரவியது. தலைப்பும் தரமும் படத்துக்கு வெளியே இருந்ததால், படம் போன இடத்துக்கு அவை போகவில்லை. ஹாலரின் பெயர்கள் இடம் மாறியதும், 1818 நகல்கள் ஹாலரின் பெயரில் உலவுவதும், இதுவும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்று வல்லுநர் சுட்டிக் காட்டினார். அதன்பின் வெளியிட்ட எல்லாப் படங்களிலும் காட்டப்படும் ஆண்டும் தரமும் படத்தின் பரப்புக்குள்ளேயே, வெட்டி நீக்கினால் கட்டடமும் வெட்டுப்படும் இடத்தில், பொறிக்கப்பட்டன.

மொட்டைக் கோபுரத்தைப் பற்றிப் பதிப்பாசிரியர் அஞ்சியது நடக்கவில்லை. மாறாக, 1647 தாளையும் 1658 தாளையும் அருகருகே வைத்த பலகையின் முன்தான் பார்வையாளர்கள் அதிக நேரம் நின்றார்கள் என்று காவலர்கள் கூறினார்கள். இதை அளந்து பார்க்க ஏற்பாடு எதுவும் இல்லாததால், அவர்கள் சொன்னதாகவே இங்கே பதிவு செய்கிறேன்.

மாற்ற வேண்டியவை

மாதிரி வேலை தொடங்கும் முன்பே தாள்களின் பட்டியல் தயாராக வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் அது எந்தப் பதிப்பின் அச்சுப்படி, தகட்டைச் செய்தவர் யார், வரைந்த கண் யாருடையது, காட்டப்படும் காலம் எது, பொறித்த ஆண்டு எது என்பவை தனித்தனி இடங்களில் எழுதப்பட வேண்டும். இந்தக் குழு அந்தப் பட்டியலைப் பாதி வழியில் தயாரித்தது. முதலிலேயே இருந்திருந்தால் ஊசிக்கோபுரமும் கல்லறைகளும் முதல் வரைவில் நுழைந்திருக்காது. நூலின் அளவும் தோண்டலின் அளவும் முரண்படும்போது எதை ஏற்பது என்ற விதியும் அப்போதே எழுதப்பட வேண்டும்.

அச்சோவிய வல்லுநரைத் தொடக்கத்திலிருந்தே முழுப்பொறுப்பில் வைப்பது நல்லது. இந்த வேலையில் அவரை அழைத்தது படங்களுக்கான அனுமதி பெறுவதற்காக. கோட்டின் தடிப்பை அவர் கவனித்தது அவருடைய கடமையின் பகுதியாக அல்ல, பழக்கத்தால்.

தரங்களைக் காட்டும் முறையைச் சிலரிடம் முன்கூட்டியே காட்டிச் சோதிக்க வேண்டும், அதுவும் கண்காட்சியின் பொருளை அறியாதவர்களிடம். நிறத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது பொது விதி அல்ல. தீயைப் பற்றிய கண்காட்சியில் சாம்பல் நிறத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது மட்டுமே இங்கே தெரிந்தது.

முடிவுக்கு வராத ஒன்று கிழக்குச் சுவரின் பெரிய வட்டச் சாளரம். அது புகழ்பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதைப் பாத்திரம் ஒருவனுடைய காலணிகளில் பவுல் கோயிலின் சாளர வேலைப்பாடு வெட்டப்பட்டிருந்ததாக 14-ஆம் நூற்றாண்டிலேயே வருகிறது. ஆனால் அந்த வரி எந்தச் சாளரம் என்றோ எத்தனை இதழ்கள் என்றோ சொல்லவில்லை. கல் அலங்காரத்தின் பின்னல் ஹாலரின் தகடுகளில் இருக்கிறது. அதைத் தனியே சரிபார்க்க வேறொரு கையின் படம் குழுவுக்குக் கிடைக்கவில்லை. காண்டல் என்ற தரம் தரலாம் என்றார் வரலாற்றாளர். கண்டவர் ஒருவரே என்பதையும் சேர்த்துக் குறித்தால் மட்டும் சரி என்றார் வல்லுநர். தரங்களின் பட்டியலில் சாட்சிகளின் எண்ணிக்கைக்கு இடம் இல்லாததால், சாளரத்தின் வட்டம் கல்லாகவும் உள்ளே உள்ள பின்னல் விளிம்புக்கோடாகவும் இப்போது நிற்கின்றன. அடுத்த பதிப்பில் எண்ணிக்கைக்கு ஒரு தனிப் பத்தி சேர்க்கப்படும்.